ஃபாயில் ட்ரேக்கு லைனிங்

டிச. 9, செவ்வாய்

காலையில் பனி. எதிர்வீட்டு மாடிகூடத் தெரியவில்லை. பைபாஸில் லாரி ஹாரன் மட்டும் கேட்கிறது. துவைத்த துணி இன்னும் ஈரம்.

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிளறின மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், யார் படிக்கப்போகிறார்கள். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. பாத்ரூம் வாசலில் சோப்புத் தண்ணீர், ஒரே சறுக்கல். கட்டுப் பிரிக்க ஜனவரி ஆகுமாம். டாக்டர் பையன் சிரித்துக்கொண்டே சொல்கிறான், "ரெஸ்ட் எடுங்கம்மா." கிறிஸ்துமஸ் கேக் போடுகிறவளிடம் டிசம்பரில் ரெஸ்ட் எடு என்கிறான். வாயில் நல்லா வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஆகவேண்டியது:
– ஃபாயில் ட்ரே கட்டைப் பிரித்து, ஓட்டை பார்த்து, துடைக்கணும்
– பட்டர் பேப்பர் வெட்டணும்
– முந்திரி, திராட்சை ஊறப்போட்டாச்சு (ஸ்தோத்திரம்)
– பட்டை, ஏலக்காய் பொடிக்கணும்
– வலது கை

21ஆம் தேதி சபையில் சிறுவர் விழா. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு ட்ரே கேக். நானே செய்கிறேன் என்று பாஸ்டரம்மாவிடம் வாயைக் கொடுத்தது அக்டோபரில், இரண்டு கையும் இருந்தபோது. டின்னில் சுட்டுக் கொடுத்தால் டின் திரும்பி வராது. கிறிஸ்துமஸுக்குக் கேக் போன பாத்திரம் எந்த வீட்டிலிருந்து வந்திருக்கிறது? அதனால்தான் ஃபாயில் ட்ரே. சுட்டபடியே மூடி, ரிப்பன் கட்டிக் கொடுத்துவிடலாம். ஆனால் அதைத் தயார்பண்ணுவது கேக் செய்வதைவிடப் பெரிய பேஜார். மெல்லிசுத் தகடு, அழுத்தினால் நசுங்கும். பேப்பர் சரியாக உட்காராவிட்டால் கேக் அடியில் ஒட்டிப் பிய்ந்து வரும்.

ஜெனிக்கு செமஸ்டர். வாணியம்பாடி காலேஜுக்குப் போனால் சாயந்திரம்தான். அவளைத் தொந்தரவு பண்ண முடியாது.

இவர் டிவி முன்னால். சத்தமில்லாமல் ஓடுகிறது. ஷூ கம்பெனியில் இவர் லைனை மூடிய ஆகஸ்டிலிருந்து அதே நாற்காலி. ஆர்டர் வந்தால் கூப்பிடுவார்களாம். எவனும் கூப்பிடவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், திரும்பப் போய் உட்கார்ந்துவிடுகிறார். சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்று தெருவே கேட்கக் கத்தின மனுஷன்.

உள்ளதைச் சொன்னால் கேக்கைப் பற்றிப் பயமில்லை. கேக் இல்லாவிட்டால் பிள்ளைகள் பிஸ்கட் தின்னும். இந்த மனுஷன் இப்படியே உட்கார்ந்து போய்விடுவாரோ என்பதுதான் பயம். அதற்கு நான் என்ன செய்வது? ஒன்றும் தெரியவில்லை.

டிச. 10, புதன்

பனி. தொண்டை கரகர.

ஒரு கையால் ட்ரே தயார்பண்ணிப் பார்த்தேன். முழங்கையால் அணைத்து, இடது கையால் பேப்பரை உள்ளே அழுத்தினேன். ட்ரே மடங்கிப்போனது. இன்னொன்று, அதே கதி. அடுத்ததைச் சுவரில் எறிந்தேன். சனியன், சத்தம்கூட வரவில்லை. அழுகை வந்துவிட்டது.

இவர் எழுந்து வந்தார்.

"இன்னா பண்ற?"

"பார்த்தா தெரியல? டான்ஸ் ஆடறேன்."

கீழே கிடந்ததை எடுத்து, ஓரத்தை விரலால் நீவி நிமிர்த்தினார். நசுங்கினதே தெரியவில்லை. பேப்பரை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் மடியும்னு பாக்காமயே வெட்டிக்கீற. மூலைல சுருங்காம இன்னா பண்ணும்?"

கம்பெனியில் இவர் வேலை, ஷூவின் மேல்தோலுக்கு உள்ளே லைனிங் ஒட்டி ஓரத்தை மடிப்பது. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அதுதான். அந்தப் பழக்கத்தில் கையில் எது கிடைத்தாலும் இழுத்துப் பார்ப்பார். சப்பாத்தி மாவைக்கூட.

பழைய காலண்டர் அட்டையில் ட்ரேயின் அடியை வரைந்து அளவு வெட்டினார். மூலைக்கு ஒரு வெட்டு. வெந்ததும் தூக்கி எடுக்க இரண்டு பக்கமும் காது. பேப்பர் உள்ளே போய் உட்கார்ந்தது, ஒரு சுருக்கம் இல்லை. உடனே அடுத்ததை எடுத்தார். டிவியை யாரும் நிறுத்தவில்லை, அது பாட்டுக்கு ஓடியது.

சாயந்திரம் ஜெனி என் காதில், "அம்மா, அப்பா எழுந்துட்டாரா?" ஏதோ ஜுரத்திலிருந்து எழுந்த மாதிரி கேட்கிறாள். பேசாதே என்று ஜாடை காட்டினேன். கண்ணு பட்டுவிடும்.

டிச. 12, வெள்ளி

தூறல். கரண்ட் போய்ப் போய் வந்தது.

முன்னறை மேஜை இவர் ராஜ்ஜியம். செருப்போடு பக்கத்தில் வரக்கூடாதாம். என் வீட்டில், எனக்கு. ஒவ்வொரு ட்ரேயையும் ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடிக்கிறார். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் ரிஜெக்ட். சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் தனியாக அடுக்குகிறார்.

"ஒண்ணுக்குள்ள ஒண்ணு வெச்சா ஓட்டை மூடிக்கும்ங்க."

"ரிஜெக்ட்னா ரிஜெக்ட். நீ கையக் கட்டிக்கினு ஒக்காரு."

"கட்டித்தான் வுட்டிருக்காங்க."

சிரித்தார். எத்தனை நாளாச்சு அந்தப் பல்லைப் பார்த்து.

பக்கத்து வீட்டு ஷமீம் பாபி எட்டிப் பார்த்தாள். "அரே எஸ்தரு, உன் வீட்டுக்காரரு ட்ரேக்கு ஷூ தைக்கிறாரா?" இவருக்குப் பெருமை தாங்கவில்லை. பாபிக்குப் பாடமே எடுத்துவிட்டார். ட்ரேயை அப்படியே ஓவனில் வைக்கக்கூடாது, கீழே கெட்டித் தட்டு வேண்டும், இல்லாவிட்டால் மாவு கனத்தில் நடுவில் தொங்கும். பாதிக்கு மேல் மாவு ஊற்றக்கூடாது, பொங்கி வழியும். எல்லாம் முந்தாநாள் நான் சொல்லிக்கொடுத்தது. வாயைத் திறக்கவில்லையே நான்.

ஒரே ஒரு ட்ரே வெள்ளோட்டம். ஜெனி மாவு கலக்கினாள். ஊற்றும்போது பேப்பர் ஒரு பக்கம் நகர்ந்து மடங்கிவிட்டது. வெந்து எடுத்தால் கேக் ஓரத்தில் ஒரு பள்ளம். ருசி அருமை, ஜெனி பாதியைக் காலி பண்ணிவிட்டாள். இவர் அந்தப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லைனிங் நகருதே."

"ட்ரேல வெண்ணெ தடவிட்டு மேல பேப்பர் போட்டா புடிச்சிக்கும்."

"வெண்ணெ வழுக்கும். இதுக்குப் புடிப்பு வேணும்."

"விடுங்க, யாரு பாக்கப்போறாங்க" என்றேன். சொல்லியிருக்க வேண்டாம். முகம் சுண்டிப்போனது.

டிச. 13, சனி

ஏலக்காய் பொடித்தது ஜெனி. திட்டிக்கொண்டே பொடித்தாள்.

இவருக்குப் போன் வந்தது, பழைய லைன்காரர் ஒருவர், இப்போது ஜோலார்பேட்டையில் டீக்கடை வைத்திருக்கிறார். வழக்கமாக எடுக்கவே மாட்டார். இன்றைக்கு எடுத்தார். சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "இல்லப்பா, வர முடியாது. கொஞ்சம் வேல கீது. ஆமா, வேலதான்." இரண்டு தரம் சொன்னார் வேலை என்று.

அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம்கூட இல்லை கையில்.

டிச. 14, ஞாயிறு

நல்ல வெயில். ஜெனியும் நானும் சர்ச்சுக்கு. இவர் வரவில்லை. ட்ரே வேலையை இன்றைக்கே முடிக்கணுமாம். கர்த்தர் மன்னிப்பார். நான் ஜெபத்தில் கேட்டதும் அது ஒன்றைத்தான், இது நின்றுவிடக்கூடாது.

பாஸ்டரம்மா என் கட்டைத் தடவிப் பார்த்தார்கள். "எஸ்தர், முடியலன்னா சொல்லிடும்மா, பேக்கரில பாத்துக்கலாம்."

"எங்க வீட்டுக்காரர் பண்றாருங்கம்மா." எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்.

வீட்டு கேட்டுக்கு வரும்போதே நெடி. பஞ்சர் கடைக்குள் நுழைகிற மாதிரி. ஜெனி துப்பட்டாவால் மூக்கைப் பொத்தினாள்.

மேஜைமேல், கட்டில்மேல், பெஞ்சுமேல் எல்லாம் ட்ரே. அத்தனையிலும் பேப்பர், இஸ்திரி போட்ட மாதிரி. நடுவில் இவர், பனியனோடு, வியர்த்து. கையில் சின்ன பிரஷ். பக்கத்தில் சொல்யூஷன் பசை டப்பா. தெருவில் யார் செருப்பு பிய்ந்தாலும் ஒட்டிக்கொடுக்க வைத்திருப்பது.

"பாரு" என்று ஒரு ட்ரேயைக் கவிழ்த்து உதறினார். "நகருதா? நாலு மூலைலயும் ஒரு பொட்டு, அவ்ளோதான். லைனிங்னா ஒட்டாம எப்டி நிக்கும்?"

காலமெல்லாம் லைனிங் ஒட்டின கைக்கு வேறென்ன தோன்றும்? ஷூவுக்குள் யாராவது வெண்ணெய் தடவுவார்களா?

ஜெனி "அப்பா, இது" என்று ஆரம்பித்தாள். இடது கையால் கிள்ளினேன்.

"ஒரு மாதிரி வாசனை வரலீங்க?" என்றேன்.

"இன்னா வாசனை? பாபி வீட்ல பிரியாணியா?"

எங்களுக்குக் கண் எரிகிறது. இவர் அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பிரியாணியா என்கிறார். விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை.

"ஆமாங்க, பிரியாணிதான்."

டிச. 15, திங்கள்

ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தாச்சு. கொசு உள்ளே வந்தது, நெடி வெளியே போகவில்லை.

சோதித்துப் பார்த்தேன். மத்தியானம் கருவாட்டுக் குழம்பு, தெருமுனைவரை மணக்கும். இவர் அடுப்புக்குப் பக்கத்தில் வந்து, மூடிய சட்டியைப் பார்த்து, "இன்னா கொழம்பு?" என்கிறார். எத்தனை வருஷமாக இப்படிக் கேட்கிறார்! சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்திருந்தேன். பால் தீய்ந்து வீடே புகையானபோது பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தாரே.

இவருக்கே தெரியாது. தெரிந்து மறைத்திருந்தாலாவது சண்டை போடலாம்.

மாடியில் துணி எடுக்கும்போது பாபியிடம் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எங்க பெரிய அண்ணன் டேனரில ஸ்ப்ரே அடிக்கிறாரு இல்ல, அவருக்கும் இதே கததான். ஜும்மாவுக்கு அத்தர் போட்டா பாதி பாட்டில் காலி. பக்கத்துல நிக்கிறவங்க தும்முவாங்க. வீட்ல யாரும் சொல்றதில்ல." என் தோளில் கிடந்த துணியை வாங்கிக்கொண்டு, "ஆனா அத்தர் வேற, கேக் வேற எஸ்தரு. புள்ளைங்க சாப்பிடறது. சொல்லிடு."

சொல்லிடு. சொல்வது லேசு. என்னவென்று சொல்ல? இத்தனை மாசத்தில் எழுந்து செய்த ஒரே வேலை குப்பைக்குத்தான் போகணும் என்றா? மூக்கு செத்துப்போச்சு, நீங்கள் கவனிக்கவே இல்லை என்றா? திரும்ப அந்த நாற்காலிக்குப் போனால் அப்புறம் என்னால் எழுப்ப முடியாது.

வெள்ளிக்கிழமைதான் சுடணும், முன்னாடியே சுட்டால் காய்ந்துபோகும் என்று மட்டும் சொல்லிவைத்தேன். நாளைக் கடத்த.

டிச. 16, செவ்வாய்

பஜாரில் ஃபாயில் ட்ரே இல்லை. கிறிஸ்துமஸுக்கு எல்லாம் விற்றுப்போச்சாம்.

யோசித்த பொய்கள்:
– எலி ஏறிவிட்டது (எலியைக் காட்டு என்பார்)
– பாஸ்டரம்மா வட்ட ட்ரேதான் கேட்கிறார்கள் (போன் போட்டுக் கேட்பார்)
– மழையில் நனைந்துவிட்டது (மழை எங்கே)
– சொல்லாமலே வேறு ட்ரேயில் செய்துவிடுவது (எந்த ட்ரே? எந்தக் கை?)

இவர் ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே நீளம். ஓரம் பிரியாமல் இருக்க மெழுகுவர்த்தியில் காட்டி எடுக்கிறார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஏங்க" என்றேன். "ம்" என்று நிமிர்ந்தார். முகம் தெளிவாக இருந்தது, சவரம் செய்திருந்தார். "டீ வேணுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கோழை.

டிச. 17, புதன்

காலையில் வேலூர், கைக்கு எக்ஸ்ரே. பாபி துணைக்கு வந்தாள். எலும்பு கூடுகிறதாம். கடை கடையாக ஏறி இறங்கினோம். எங்கள் அளவு ட்ரே திங்கட்கிழமைதான் வருமாம். விழா முடிந்து திங்கட்கிழமை வந்து எனக்கெதற்கு. பஸ்ஸில் முடிவு செய்தேன், நாளைக்குச் சொல்லிவிடுவது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு.

கதவைத் திறந்ததும் ஏலக்காய், பட்டை, வெண்ணெய். அதோடு சூட்டில் வெந்த சொல்யூஷன்.

நான் வருவதற்குள் ஒரு ட்ரே சுட்டு அசத்தணும் என்று இவரே மாவு கலக்கியிருக்கிறார். கேக் என்னவோ அச்சில் வார்த்த மாதிரி. ஓரம் நேர்க்கோடு, பள்ளம் இல்லை, சுருக்கம் இல்லை. சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் அடுக்கியிருந்தார். ஒரு துண்டைத் தின்றும் இருக்கிறார். "இனிப்பு கரெக்டா கீது" என்றார்.

ஜெனியும் பரீட்சை முடிந்து அப்போதுதான் வந்தாள். அவள் கையில் ஒரு துண்டு, என் கையில் ஒரு துண்டு. நான் அப்படியே பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவள், பாவம், அப்பா முகத்தைப் பார்த்துக்கொண்டே கடித்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் கட்டியது. வாசலுக்கு ஓடித் துப்பினாள்.

"இன்னாச்சு அவளுக்கு?"

"சொல்யூஷன் நெடிங்க."

"எதுல?"

"எல்லாத்துலயும்."

அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் இத்தனை நாள் ஆயிற்று.

உள்ளே போய் டப்பாவை எடுத்துவந்து என் எதிரிலேயே மூடியைத் திறந்தார். எனக்கு அங்கேயே நெடி ஏறியது. இவர் அதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் இழுத்தார். திரும்ப இழுத்தார். "போதும்ங்க, தலை சுத்தும்" என்று கையைப் பிடித்தேன்.

"புதுசா வேலைக்கு வர்ற பொண்ணுங்க மொத நாளு இதுக்கு வாந்தி எடுக்கும்" என்றார். "எனக்கும் மொத நாளு தலவலி. அப்பறம் ஒண்ணும் தெரியல. பழகிடுச்சுன்னு நெனச்சேன்."

மூடியை இறுக்கி மூடினார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"ஞாயித்துக்கெழம."

"கம்பெனில செக்கிங் பண்றவன்கூட ரிஜெக்ட்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போவான் எஸ்தரு."

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். போய் நாற்காலியில் உட்கார்ந்தார். டிவி போடவில்லை. போட்டிருக்கலாம், அதுவாவது ஓடியிருக்கும்.

டிச. 18, வியாழன்

பனி ஜாஸ்தி.

இவர் காலையில் சாப்பிடவில்லை. காபித்தூள், சோப்பு, தேங்காயெண்ணெய், ஜெனியின் பவுடர், ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து வைத்தார். நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். தைலம் மட்டும் சுருக்கென்று குத்துகிறதாம். வாசனை இல்லையாம், குத்தல்தானாம்.

பிறகு சமையலறை வாசலில் வந்து நின்றார். "ஜெனி பொறந்தப்ப அவ தலைல ஒரு வாசனை வரும் இல்ல? அது ஞாபகம் கீது. அதுக்கப்பறம் எது எப்பப் போச்சுன்னே தெரியல."

ஜெனி பாத்திரம் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள்.

டாக்டரிடம் காட்டலாம் என்றேன். பார்ப்போம் என்றார். இவர் பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

டிச. 19, வெள்ளி

சுட வேண்டிய நாள். வெயில் லேசாக. பாஸ்டரம்மாவுக்குப் போன் பண்ணி, பேக்கரியில் சொல்லிடுங்கம்மா என்றேன். "அதுக்கென்னம்மா, கையப் பாத்துக்கோ" என்றார்கள். கைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. போனை வைத்ததும் அழுதேன்.

இவர் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் ட்ரேக்களைக் கொல்லைக்குக் கொண்டுபோனார். தூக்கிப் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். பேப்பரை உரிக்கிறார். ஒவ்வொன்றாக, தகடு கிழியாமல்.

"இன்னா பண்றீங்க?"

"தெருவுக்காவது கேக் குடுக்கணும் இல்ல. பாபி வீட்டுக்குக் குடுக்காம கிறிஸ்துமஸா?"

வெந்நீர், சோப்பு, சமையல் சோடா, எலுமிச்சைத் தோல். தேய்த்து, வெயிலில் காய வைத்து, என்னிடம் கொண்டுவந்து மூக்குக்கு நேராக நீட்டுகிறார்.

"போச்சா?"

"போகல."

திரும்பப் போய்த் தேய்க்கிறார். திரும்பக் கொண்டுவருகிறார்.

"இப்ப?"

"போகலங்க."

"நெஜமா சொல்லு. எனக்காகச் சொல்லாத."

"நெஜமாத்தான்."

இப்படியே மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாடு ஆறிக் கிடக்கிறது. ஒன்றுக்காவது போச்சு என்று சொல்ல வாய் துடிக்கிறது. சொன்னால் நம்புவார். பொய்யா நிஜமா என்று பார்க்க இவரிடம் ஒன்றுமில்லை. இனிமேல் நான் சொல்வதுதான் இவருக்கு வாசனை. அதனாலேயே பொய் சொல்ல முடியவில்லை.

வருகிறார். விரலெல்லாம் சிவந்து வெந்துபோயிருக்கிறது. ட்ரேயில் இன்னும் தண்ணீர் சொட்டுகிறது, காயக்கூட வைக்கவில்லை.

"எழுதனது போதும். இத மோந்து பாரு."